உள்தாழ்ப்பாள்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தீப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. "ஏன்டியம்மா இப்பிடிச் செஞ்சுக்கிட்டே?" என்றுதான் கேட்பார்கள். காய்ச்சலில் படுத்தவளிடம் காய்ச்சலை ஏன் வரவழைத்துக்கொண்டாய் என்று கேட்கிற வழக்கம் உண்டா? தீப்பட்டவளிடம் மட்டும் உண்டு. என்னிடமும் கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. இப்போது வலது கை ஓரளவு மடங்குகிறது, பேனா பிடிக்க வருகிறது. ஒரே தடவையாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் பிலோமினா. நல்லம்பள்ளிப் பக்கம் மானாவாரிக் காடு வைத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. கல்யாணமாகி தருமபுரி டவுனுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு லாரி உதிரிபாகம் விற்கிற கடையில் வேலை. நாங்கள் குடியிருந்தது ஒரே வரிசையில் நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்த இடத்தில். எங்களுடையது கடைசி வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு, அதில் சந்துப் பக்கம் திறக்கிற ஒரு பின்கதவு.

ஓனர் தன்மையாகப் பேசுகிற மனிதர்தான். ஆனால் சுவரில் காலண்டருக்கு ஒரு ஆணி அடிக்க விடமாட்டார். மாதா படத்தையே நாங்கள் அலமாரியில் சாய்த்துத்தான் வைத்திருந்தோம். அப்படிப்பட்டவர் எங்கள் பின்கதவில் மட்டும் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை வைத்து நீள நீள ஆணியாக இறக்கிவிட்டார். பின்னால் இருக்கிற சந்து யாருக்கு என்று அவருக்கும் அவர் தம்பிக்கும் வழக்கு. நாங்கள் சந்தில் கால் வைத்தால் தம்பி சண்டைக்கு வருகிறானாம். "கேஸ் முடியட்டும்மா, நானே புடுங்கி உட்டுர்றேன்" என்றார்.

முன்கதவுக்கும் ஒரு கோளாறு. நடுவில் இருந்த நாதாங்கி கழன்றுபோய், போட்டாலும் நிற்காது. அதையாவது மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். "ஆடி முடிஞ்சா காத்து நின்னுரும், அப்பறம் எதுக்கும்மா?" என்று சிரித்தார். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மி பறக்கவில்லை, ஸ்டவ் அணைந்து அணைந்து போனது. கதவு படார் படார் என்று அடித்துக்கொள்ளும், காற்று நேராகச் சமையல் தடுப்புக்கு வரும். அதனால் சமைக்கும்போது மட்டும் முன்கதவின் மேல்தாழ்ப்பாளைப் போட்டுவிடுவேன். துருப்பிடித்த தாழ்ப்பாள். எக்கி நின்று, இரண்டு கையாலும் இழுத்தால்தான் இறங்கும்.

அன்றைக்குக் காலையில் எங்களுக்குள் ஒரு சண்டை. வேறு வீடு பார்க்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். "உனக்கு எந்த வூடு புடிச்சிருக்குது?" என்றார் அவர். பேச்சு வளர்ந்தது. அவர் என்னவோ சொல்லிவிட்டு, சாப்பிடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவார், அதற்குள் கோபம் ஆறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுக் குழம்பு கூட்டி, கதவைத் தாழ்போட்டுவிட்டு, ஸ்டவ்வில் ஏற்றினேன்.

அது பம்ப் அடிக்கிற ஸ்டவ். குழம்பு கொதி வருகிற நேரத்தில் அணைந்தது. துவாரத்தில் அடைப்பு. பின் ஊசியால் குத்திவிட்டு, ஆத்திரத்தில் பம்பை அடித்துக்கொண்டே இருந்தேன். ஸ்டவ் சூடாக இருக்கும்போது அப்படிச் செய்யவே கூடாது. உள்ளிருந்து சீமெண்ணெய் பச்சையாகப் பொங்கி மேல் கிண்ணத்தில் நின்றிருக்கிறது. நான் கவனிக்காமல் தீக்குச்சியைக் கிழித்தேன். ரேஷனில் வாங்கிய சீமெண்ணெய் கேனும் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வேறு எங்கே வைப்பது? வெளியே வைத்தால் பொதுவாசல் நாறுகிறது என்று ஓனர் வீட்டில் சத்தம் போடுவார்கள்.

நைலான் சேலை. பற்றியதும் தெரியவில்லை, உருகி உடம்பில் ஒட்டியதும் தெரியவில்லை. உயிர்ப் பயத்தில் கால் பின்கதவுக்குத்தான் ஓடியது. ஆணி அடித்திருப்பது காலுக்குத் தெரியுமா? தோளால் முட்டினேன். பிறகு திரும்பி முன்கதவுக்கு ஓடினேன். எக்கித் தாழ்ப்பாளைப் பிடித்தேன். விரலில் தோல் வழுக்கியது. தாழ்ப்பாள் இறங்கவில்லை.

கதவை உடைத்தவர்கள் பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்காவும் அவர் வீட்டுக்காரரும். அவர் மெத்தை தைக்கிறவர். தைத்துக்கொண்டிருந்த மெத்தையை இழுத்துவந்து என்னை அதில் உருட்டி அணைத்தார். அவர் இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை. அதற்குப் பிறகு கூடிய கூட்டம் தனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்தது. யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையின் மைப்புட்டியைக் கவிழ்த்தார்கள். யாரோ இட்லி மாவை அப்பினார்கள். நீலமும் வெள்ளையுமாக என்னை ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள்.

"மை ஊத்துனது யாரும்மா?" என்று டாக்டரம்மா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "புண்ணு எவ்வளவு ஆழம்னே தெரியலையே. பச்சத்தண்ணிய ஊத்திக்கிட்டே வந்திருந்தாப் போதுமே." அந்த மையையும் மாவையும் கழுவி எடுத்தபோதுதான் நான் முதல் தடவையாக அலறினேன்.

தீக்காயத்தை இத்தனை சதவீதம் என்று கணக்குச் சொல்வார்கள். நம்முடைய உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு ஏறக்குறைய ஒன்று. அப்படி உடம்பில் எத்தனை கையளவு வெந்திருக்கிறது என்று பார்ப்பது. எனக்கு இரண்டு கை, மார்பு, கழுத்து, முகத்தில் கொஞ்சம், ஒரு தொடை. ஆழம் என்பது தனி. மேல்தோல் மட்டும் போனால் கொப்புளம் வரும், உயிர் போகிற மாதிரி வலிக்கும், ஆனால் ஆறிவிடும். அடித்தோலும் நரம்பும் சேர்ந்து வெந்துபோனால் வலியே இருக்காது. வலிக்கவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது.

பக்கத்துக் கட்டிலில் ஏரியூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். முனியம்மா. கல்யாணமாகி அதிக நாள் ஆகாதவள். இருவருக்கும் போர்வை புண்ணில் படாமலிருக்க மேலே வளைந்த இரும்புக் கூண்டு வைத்து, அதற்கு மேல் துணி போர்த்தியிருந்தார்கள். அடியில் வாழையிலை. நான் கத்திக்கொண்டிருப்பேன், அவள் அமைதியாகக் கிடப்பாள். "எனக்கு வலியே இல்லக்கா. தாகம்தான் எடுக்குது" என்பாள். கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேன்.

"எப்பிடி ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஸ்டவ் வெடிச்சிருச்சுக்கா."

ஏரியூர்ப் பக்கம் ஏது ஸ்டவ், எல்லா வீட்டிலும் விறகடுப்புதானே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். வாயால் "அப்பிடியா கண்ணு" என்றேன். நான் அப்போது சொன்ன "அப்பிடியா" எப்படிப்பட்டது என்பது, மற்றவர்கள் என்னிடம் சொல்ல ஆரம்பித்தபோது புரிந்தது.

சேர்த்த மறுநாள் மாஜிஸ்திரேட் வந்தார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, டாக்டரம்மாவிடம் எனக்கு நினைவு சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டார்.

"யாரும் மிரட்டுனாங்களா? பயப்படாமச் சொல்லும்மா."

"இல்லீங்க. ஸ்டவ்வுங்க."

"உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததா சொல்றாங்களே?"

"காத்துக்குங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காற்றுக்கு என்று நான் சொன்னதை எழுதினார். எழுதும்போதே அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"வீட்டுக்காரரோட சண்டை ஏதாவது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்டாட்டி தீப்பட்டால் புருஷனைப் பிடித்து உள்ளே போடுகிற சட்டம் வந்திருக்கிறது என்று வார்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் நடந்தது வீடு மாற்றுகிற சண்டை என்று சொன்னால், சண்டை என்பது மட்டும்தான் நிற்கும். வீடு மாற்றுவது காற்றோடு போய்விடும்.

"இல்லீங்க. எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லீங்க" என்றேன்.

கையெழுத்துப் போட விரல் மடங்காது. கட்டைவிரல் ரேகை வைக்கவும் தோல் இல்லை. கடைசியில் காலின் கட்டைவிரலில் மையைத் தடவி எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மரண வாக்குமூலம் என்று பெயர், பிழைக்கமாட்டார்கள் என்று நினைக்கிறவர்களிடம் வாங்குவது என்று, மாலையில் ஒரு சிஸ்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். நான் சாகப்போகிறேன் என்று எனக்குத் தெரிவித்த விதம் இதுதான். காலில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். "பின்கதவு ஆணி அடிச்சிருந்துச்சுன்னு சொல்றியே. நல்லாத் தொறக்குதேம்மா. நானே தொறந்து பார்த்தேன்" என்றார். நான் அழுதேன். அழுகையையும் அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார்.

ஜைத்தூன் அக்கா வந்தபோது விஷயம் தெரிந்தது. என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்று சாயங்காலமே ஓனர் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை மெழுகிப் பெயின்ட்டும் அடித்துவிட்டாராம். உடைந்த முன்கதவை நாதாங்கியோடு தூக்கிப் போட்டுவிட்டு புதுக்கதவும் மாட்டியாயிற்று. "போலீஸ்ல கேட்டாங்க பிலோ. நான் ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன். வூட்டக் காலி பண்ணச் சொல்லிட்டா இத்தன புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என்னைத் தூக்கிய கை அது. நான் என்ன சொல்ல முடியும்? "அழாதீங்கக்கா" என்றேன்.

ஓனரும் வந்தார். சாத்துக்குடி வாங்கிவந்திருந்தார். "எதா இருந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா. குடும்பம்னா சண்ட சச்சரவு இருக்கத்தான் செய்யும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பதை அதுவரை பேச்சுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சாத்துக்குடியை வார்டு ஆயாவிடம் கொடுத்துவிடச் சொன்னேன்.

எல்லாவற்றையும்விட எனக்குத் தினமும் பயம் கொடுத்தது டிரஸ்ஸிங். காலையில் தள்ளுவண்டி வருகிற சத்தம் வார்டுக் கடைசியில் கேட்டதுமே கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன். புண்ணோடு ஒட்டிய துணியை நனைத்து நனைத்து உரிப்பார்கள். செத்த தோலைக் கத்தரித்து எடுப்பார்கள். இல்லாவிட்டால் அதில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிடும். தீக்காயத்தில் சாகிறவர்கள் பலர் தீயால் சாவதில்லை, அந்தச் சீழால்தான் சாகிறார்கள். அப்புறம் வெள்ளைக் களிம்பை அப்புவார்கள். அது மட்டும் குளுகுளு என்று இருக்கும். அந்தக் களிம்பு ஆஸ்பத்திரியில் தீர்ந்துபோகிற நாளில் வெளியே வாங்கவேண்டும். என் வீட்டுக்காரர் எங்கே போய் எப்படி வாங்கிவந்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் கையில் இருந்த கைக்கடிகாரம் ஒருநாள் காணவில்லை.

பெண்கள் வார்டில் ஆண்களை எந்நேரமும் விடமாட்டார்கள். விடுகிற நேரத்தில் அவர் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடையிலிருந்து கொண்டுவந்த உதிரிபாகப் பெட்டி அட்டையால் விசிறுவார். கை ஓயாது. கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டுவார். தலையில் சிக்கு விழுந்து பேன் பிடித்தபோது, பொம்பளைகள் சிரிக்கச் சிரிக்க அவரே உட்கார்ந்து முடியை வெட்டிவிட்டார். ஆனால் என் முகத்தைப் பார்க்கமாட்டார். முகம் வெந்திருக்கிறது, பார்க்கப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். வெளியில் நிற்கிற நேரத்தில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மா. ஊரிலிருந்து வந்து, வார்டு வராந்தாவிலேயே கிடந்தார். ஒருநாள் டிரஸ்ஸிங் முடிந்து நான் கண்மூடிக் கிடந்தபோது காதருகே குனிந்தார்.

"எங்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லிரு ஆத்தா."

"என்ன நெசம்? ஸ்டவ்வும்மா."

"சரி. எனக்குச் சொல்லவேணாம். சாமியார வரச் சொல்லியிருக்கேன். அவருகிட்டச் சொல்லிரு. பாவசங்கீர்த்தனம் பண்ணாமப் போயிட்டா ஆத்துமம் கரையேறாது கண்ணு. கல்லறைத் தோட்டத்துல எடம் தரமாட்டாங்க. ஒன்ன வெளிய போட்டுட்டு நான் எப்பிடி இருப்பேன்?"

என்னைப் பெற்றவள். நான் சின்ன வயதில் அடுப்பைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளை என்று தெரிந்தவள். அவளே நம்பவில்லை. அவளுக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை. நான் செத்துப்போன பிறகும் எங்காவது அலைந்துகொண்டிருப்பேனே என்று பயம். அந்தப் பயத்துக்கு முன்னால் உண்மையை வைத்து நான் என்ன செய்வது?

சாமியார் வந்தார். நல்ல மனிதர், ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. மாஜிஸ்திரேட்டிடம் ஒரு பொய் சொன்னேன் என்பதைச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரியை மனதுக்குள் சந்தேகப்பட்டதைச் சொன்னேன். செய்யாததைச் சொல்லவில்லை. அவர் என் நெற்றியில் எண்ணெய் பூசி மந்திரித்துவிட்டு வெளியே போனதும் அம்மா உள்ளே வந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். பெரிய சுமையை இறக்கி வைத்த முகம். "சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டேம்மா" என்றேன். அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

முனியம்மா அதற்கு அடுத்த வாரம் போய்விட்டாள். கடைசி இரண்டு நாள் பிதற்றல், குளிர்காய்ச்சல். வலியில்லை, தாகம்தான் என்று சொன்னவள் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய தட்டு, டம்ளர், சேலையை எடுத்துப்போக அவள் அண்ணன் வந்தான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "வெறகுப் பொகையில கண்ணு எரியுதுண்ணான்னு சொன்னாளேன்னு நாந்தாங்க பொங்கலுக்கு அந்த ஸ்டவ்வ வாங்கிக் குடுத்தேன். நாந்தாங்க வாங்கிக் குடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை, நான் நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கடனை இனி யாரிடம் போய்த் தீர்ப்பது?

நான் பிழைத்தது டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். தொடையின் நல்ல பக்கத்திலிருந்து தோலைச் சீவி எடுத்துக் கையில் ஒட்டினார்கள். கழுத்துத் தோல் சுருங்கித் தலையைக் கீழே இழுத்துக்கொள்ளாமல் இருக்க, தோளுக்கடியில் தலையணை வைத்து அண்ணாந்து பார்த்தே படுக்க வேண்டும். விரல்களைத் தினமும் யாராவது மடக்கி நீட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் தோல் கிழிகிற மாதிரி இருக்கும். அதைச் செய்ததும் என் வீட்டுக்காரர்தான். நான் திட்டத் திட்ட, தலையைக் குனிந்துகொண்டே செய்வார். விபத்து என்று எழுதி வழக்கை முடித்தார்கள். வழக்கை முடிக்க ஒரு காகிதம் போதும், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

வீட்டுக்கு வருகிற நாளில் அவர் என்னை வேறு ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். இண்டூர் போகிற சாலையில், காற்றோட்டமான வீடு. பின்கதவு தாராளமாகத் திறந்தது. சீமெண்ணெய் கேனை வெளியே வைக்க மறைவாக ஒரு இடம் இருந்தது. சமையலறையில் ஒரு வாளித் தண்ணீரும், நனைத்துப் போர்த்தக் கோணிச்சாக்கும் ஏற்கெனவே வைத்திருந்தார். எனக்கு மனது நிறைந்துபோனது. கதவைச் சாத்தப் போனேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"தாழ்ப்பாள் எங்கங்க?"

"கழட்டிட்டேன்."

நல்லதுதான், ஏதாவது ஒன்று என்றால் வெளியே இருந்து யாரும் உள்ளே வரலாம் என்று நினைத்தேன். பிறகு குளியலறைக்குப் போனேன். அங்கேயும் தாழ்ப்பாள் இல்லை. குளியலறையில் என்ன தீ வரப்போகிறது? ஈரத் தரையில் அப்படியே நின்றுவிட்டேன்.

வெளியே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். "நீங்களுமா?" என்றேன்.

அவர் அத்தனை மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "அன்னைக்கு நான் அந்த வார்த்தைய சொல்லியிருக்கக் கூடாது பிலோ."

"எந்த வார்த்த?"

"எங்கியாச்சும் போயித் தொலைன்னு சொன்னேன். செத்துத் தொலைன்னும் சொன்னேன்."

எனக்கு நினைவே இல்லை. சத்தியமாக நினைவில்லை. சண்டை என்றால் யாரும் சொல்கிற வார்த்தைதானே. நான் அதைக் காதில் வாங்கியிருந்தால்தானே மனதில் நிற்கும்.

"கருவாட்டுக் கொழம்பக் கொதிக்க வச்சுட்டு யாராச்சும் சாவாங்களா?" என்று கத்தினேன். "ஒங்களுக்குப் புடிக்குமேன்னு வச்சேங்க. நீங்க வர்ற நேரமாச்சேன்னு அவசரத்துல பம்ப அடிச்சேன்."

"மாஜிஸ்திரேட்டுகிட்ட நமக்குள்ள சண்டையே வந்ததில்லன்னு சொல்லியிருக்கே. படிச்சுக் காட்டுனாங்க. என்னக் காப்பாத்தத்தானே அப்பிடிச் சொன்னே?"

ஆமாம், அவரைக் காப்பாற்றத்தான் சொன்னேன். அந்த ஒரு பொய்யால் நான் சொன்ன மற்ற உண்மையெல்லாம் அவருக்குப் பொய்யாகிவிட்டது. போலீஸிடமிருந்து அவரைக் காப்பாற்றிவிட்டேன். அவரிடமிருந்து அவரைக் காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை. காற்றையும் நாதாங்கியையும் ஆணியையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். "நம்புறேன் புள்ள" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், என் விரல்களை மடக்கி நீட்ட எண்ணெய் எடுத்துவந்தார்.

தாழ்ப்பாளை அவர் திரும்ப மாட்டவில்லை. ராத்திரி கதவோரமாகப் பாயைப் போட்டு அவரே குறுக்கே படுத்துக்கொள்கிறார். அவர் கடைக்குப் போயிருக்கிற நேரத்தில் எதிர்வீட்டு அம்மா உப்பு, சர்க்கரை என்று ஏதாவது சாக்கில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். யார் சொல்லி வருகிறார் என்று எனக்குத் தெரியாதா?

மறுபடி ஆடி வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து சமைக்க உட்கார்ந்தேன். காற்று கதவைத் தள்ளித் தள்ளி ஸ்டவ்வை அணைத்தது. அவர் எழுந்துபோய், கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்துச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். ஸ்டவ் நின்று எரிந்தது. அங்கிருந்து சமையலறை நேராகத் தெரியும். நான் குழம்பை இறக்கி, ஸ்டவ்வை அணைத்து, அது ஆறுகிற வரைக்கும் அவர் கண் என்மேலேயே இருந்தது.

"காத்து நின்னுருச்சுங்க. எந்திரிச்சு வாங்க, சாப்பிடலாம்" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

சோற்றைத் தட்டில் போட்டு, குழம்பை ஊற்றி, கதவண்டையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.